சேலம் பர்னிச்சர் கண்காட்சி: தொட்டியில் ஊறும் பிளைவுட்டும் ஒட்டாத காந்தமும்

போன ஞாயிற்றுக்கிழமை ஐந்து ரோடு பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த இன்டீரியர், பர்னிச்சர் கண்காட்சிக்கு நானும் அண்ணியும் பெரியப்பாவும் போயிருந்தோம். அழகாபுரத்தில் கட்டும் வீடு பூச்சு வேலைக்கு வந்துவிட்டது, கிச்சனை யாரிடம் கொடுப்பது என்று முடிவாகவில்லை, அதனால் வேடிக்கை பார்க்கப் போகவில்லை, அட்வான்ஸ் கொடுக்கும் எண்ணத்தோடுதான் போனோம். ஒரு பைசா கொடுக்காமல் திரும்பினோம். ஆனாலும் போனது வீண் என்று சொல்ல மாட்டேன்.

நுழைவு இலவசம்தான், ஆனால் வாசலில் போன் நம்பர் எழுதாமல் உள்ளே விட மாட்டார்கள். அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது, "மேடம், தனி வீடா, அபார்ட்மென்ட்டா?" என்று. இன்னும் நின்றபாடில்லை. போகிறவர்கள் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய சிம் நம்பரைக் கொடுத்துவிடுங்கள்.

உள்ளே எங்கு திரும்பினாலும் பழுப்பு. கொஞ்ச வருடம் முன்னால் சாம்பலும் பளீர் வெள்ளையுமாக இருந்த கதவுகள் எல்லாம் இப்போது மண் நிறத்துக்கு வந்துவிட்டன. வருடாவருடம் ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்துச் சொல்லும் பான்டோன் நிறுவனம் 2025-க்கான நிறமாக மோக்கா மூஸ் என்ற பழுப்பை அறிவித்ததே, அது பலகை மேல் ஒட்டும் லேமினேட் ஷீட்டாக நம் ஊர் வரை வந்து சேர்ந்திருக்கிறது. ஸ்டால் பையன் "இட்டாலியன் மோக்கா, மேம்" என்று ஷீட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். அண்ணி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "நம்ம ஏற்காட்டுக் காப்பி டிகாக்ஷன்தானே, கொஞ்சம் பால் சேர்ந்திருக்கு" என்றார். எனக்கு அந்த நிறம் பிடித்தது, சேலத்துப் புழுதி அதில் தெரியாது.

சுவரில் ஒட்டும் வரிவரிப் பேனல்தான் அடுத்த மோகம், டி.வி.க்குப் பின்னால், பூஜையறைக் கதவில், ரிசப்ஷன் மேசையில், எல்லாவற்றிலும். அழகு, மறுக்கவில்லை. அத்தனை பள்ளத்திலும் விரல் விட்டுத் துடைக்கப்போவது யார் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ஆட்டுக்குட்டி மாதிரி சுருட்டை நூலில் வளைந்த சோபாக்களும் நிறைய. எங்கள் வீட்டில் பூனை இருக்கிறது, பேச்சை அதோடு முடித்துவிட்டேன்.

பிரம்புப் பின்னல் நாற்காலி திரும்பி வந்ததில்தான் எனக்கு உண்மையான சந்தோஷம். 1950-களில் சண்டிகர் நகரத்துக்காக பியர் ஜான்னரே என்ற கட்டடக் கலைஞர் தேக்கிலும் பிரம்பிலும் செய்த நாற்காலியின் சாயல் அது, கால்கள் கவிழ்த்துப் போட்ட 'வி' மாதிரி இருக்கும். அந்த அசல் நாற்காலிகள் அரசு ஆபீஸ்களில் உடைந்து குவிந்து கிடந்து, பிறகு வெளிநாட்டு ஏலத்தில் லட்சக்கணக்கில் விலை போனவை. இங்கே மூன்று ஸ்டால்களில் இருந்தது, இரண்டில் பின்னல் பிளாஸ்டிக். அசல் பிரம்பு தொய்ந்தால் அடிப்பக்கம் ஈரத்துணியால் நனைத்துக் காயவிட்டால் ஓரளவு இறுகிவிடும், பிளாஸ்டிக்கை என்ன செய்வது?

ஓக் மரம் என்று ஒரு டைனிங் டேபிள் வைத்திருந்தார்கள். தட்டிப் பார்த்தால் மேலே ஓக் படம் போட்ட லேமினேட், உள்ளே மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை. ஏற்காட்டில் காப்பிக்கு நிழலாக, மிளகுக் கொடியைத் தாங்கிக்கொண்டு நிற்கிற சில்வர் ஓக்கும் ஓக் குடும்பம் இல்லை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு மரம். ஆனால் அது மரமாவது!

சரி, கிச்சனுக்கு வருகிறேன். பிளைவுட் ஸ்டாலில் ஒரு கண்ணாடித் தொட்டி, தண்ணீருக்குள் ஒரு துண்டு பிளைவுட். "ஆறு மாசமா ஊறுது சார், ஒண்ணும் ஆகல." கண்காட்சியே மூன்று நாள்தான், அதை விடுங்கள். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார், துண்டின் நாலு ஓரத்திலும் பெயின்ட் பூசி அடைத்திருந்தது. நம் வீட்டில் சிங்க் பைப்புக்கு ஓட்டை போடுவார்கள், கீல் வைக்கக் குடைவார்கள், தண்ணீர் போவது அந்த வழியாகத்தான். ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர விதி உண்டு, அதில் உள்ள சோதனையே வேறு, 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் ஒட்டு பிரியக் கூடாது. பலகையில் 710 முத்திரையைக் காட்டுங்கள் என்றேன். கேட்லாக் கொண்டுவந்தார்.

இதை நான் இவ்வளவு நோண்டக் காரணம் உண்டு. ஏற்காட்டில் அத்தை வீட்டுக்கு டவுனில் ஒரு கடையில் அலமாரி செய்து கொடுத்தோம், பிளைவுட் விலை வாங்கிக்கொண்டு அடித்தட்டுக்கு மரத்துகளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு வைத்துவிட்டார்கள். இரண்டு மழைக்காலம், அந்த மலைப் பனியில் நனைத்த ரஸ்க் மாதிரி உப்பிவிட்டது. கேட்டால் "மலை ஈரம் வாரண்டியில வராதுங்க" என்று பதில். மலையில் வைக்கத்தான் என்று சொல்லித்தானே வாங்கினோம்?

அடுத்தது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிச்சன். கரையான் வராது, உப்பாது, இந்த வருடம் இதற்குத்தான் கூட்டம் அதிகம். ஸ்டால்காரர் ஒரு காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தார், ஒட்டாமல் விழுந்தது. "பாத்தீங்களா, 304!" அது நல்ல ரக ஸ்டீலின் நம்பர். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். பெரியப்பா சேலம் உருக்காலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், அவரிடம் போய்! "தம்பி, 202-லயும் காந்தம் ஒட்டாதுப்பா" என்றார், சத்தம் போடாமல். 304-ல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்கும். 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள், விலை குறைவு, துருவும் சீக்கிரம் பிடிக்கும். காந்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஸ்டீலைச் சோதிக்க ஒரு சொட்டு மருந்து உண்டு, அதைப் போட்டுப் பார்த்தால் மாங்கனீஸ் அதிகமுள்ளது சிவந்து காட்டிக்கொடுக்கும். "சொட்டு மருந்து இருக்கா?" என்று பெரியப்பா கேட்டதும் அந்த ஆளுக்கு திடீரென்று போன் வந்துவிட்டது.

கடைசி வரிசையில், ஏ.சி. காற்று எட்டாத மூலையில், அம்மாபேட்டை ஆசாரி ஒருவர் சின்ன ஸ்டால் போட்டிருந்தார். லைட் அலங்காரம் கிடையாது. ஒரு கிச்சன் பெட்டியைக் குறுக்கே அறுத்து வைத்திருந்தார், உள்ளே 18 எம்.எம். பலகை, ஓர டேப், கீல், பின்பலகை எல்லாம் அப்படியே தெரிந்தது. சதுர அடிக் கணக்கு கதவுக்கா, பெட்டிக்கும் சேர்த்தா என்று நான் கேட்பதற்கு முன்பே அவரே சொன்னார், 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி என்பதையும் சேர்த்து. சிங்குக்குக் கீழே மட்டும் ஸ்டீல் பெட்டி, மற்றதெல்லாம் மரைன் பிளைவுட், அது போதும் என்பது அவர் யோசனை. காசும் குறையும். அவருடைய டிசைன்கள் கொஞ்சம் பழசு, கைப்பிடிகள் அண்ணிக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, அதை மாற்றிக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை அளவெடுக்க வருகிறார். பெரியப்பா அதற்குள் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போய் சொட்டு மருந்து ஒரு பாட்டில் வாங்கி வைத்துவிட்டார், முதல் சோதனை எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் நடந்துகொண்டிருக்கிறது. அம்மாவின் கல்யாணச் சீர் குடம் தப்பித்தது.