சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

குமரி மாவட்டத்தில் பழைய ஸ்டேஷன் வேகன் (கூரை பின்பக்கம் வரை நீண்ட கார்) வாங்கலாமா, நம்பி ஓட்ட முடியுமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இதை முழுசாகப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். 2025 பொங்கல் கழிந்த வாரம் 1,60,000 ரூபாய் கொடுத்து நான் ஒன்று வாங்கினேன். அது வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த வண்டி. விற்றவருக்கு அது தெரியும். எனக்குத் தெரிய ஐந்து வாரம் ஆனது. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் விற்றவர் பெயரையும் இடத்தையும் எழுதவில்லை. வண்டியின் மாடலையும் சொல்லவில்லை, தப்பு அந்த வண்டியைச் செய்த கம்பெனியுடையது அல்ல.

எனக்கு அருமனைப் பக்கம் தேனீ வளர்ப்பு. தை, மாசியில் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர் விடும்போது, அந்தத் தளிரில் ஊறும் இனிப்புக்காகப் பெட்டிகளை எஸ்டேட்டுக்குக் கொண்டு போவோம். பத்துப் பெட்டிக்கு ஒவ்வொரு முறையும் மினி லாரி பிடித்தால் கட்டுப்படி ஆகாது. அம்மாவை மாதம் ஒருமுறை திருவனந்தபுரத்துக்கு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போக வேண்டும். உயரமான வண்டியில் அவர்களால் ஏற முடியாது. பின்சீட்டை மடக்கினால் தரை மட்டமாக நீளும், பெட்டியை அதிகம் தூக்காமல் உள்ளே தள்ளலாம், மற்ற நாளில் குடும்பத்தோடு போகலாம். இதற்கெல்லாம் ஸ்டேஷன் வேகனை விடப் பொருத்தமான வண்டி இல்லை என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் நம் கைக்கு எட்டும் விலையில் புது வேகன் கிடையாது. மாருதி பலேனோ ஆல்டூரா, 2004-ல் வந்த டாடா இண்டிகோ மரீனா, ஸ்கோடா ஆக்டேவியா காம்பி என்று வந்தவை எல்லாம் நின்று பல வருஷம் ஆகிவிட்டது. பழையதுதான் வாங்க முடியும். பழையதில் ஒரு சங்கடம் உண்டு. என்ஜின், கிளட்ச், பிரேக், சஸ்பென்ஷன் சாமான்கள் பெரும்பாலும் அதே குடும்பத்து சாதா காருக்கும் வேகனுக்கும் பொது என்பதால் கிடைத்துவிடும். பின்பக்கத்துச் சாமான்தான் பாடு. டிக்கி கதவு, அதன் கண்ணாடி, டெயில் லேம்ப் இவை வேகனுக்கென்றே செய்தவை. உடைந்தால் பழைய இரும்புக் கடை இரும்புக் கடையாகத் தேட வேண்டும். இவ்வளவையும் விசாரித்துத்தான் போனேன். மாடலைப் பற்றிக் கேட்ட அளவுக்கு, என் முன்னால் நின்ற அந்த ஒரு வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை.

பார்க்கப் போன அன்று வண்டி கல்யாண வண்டி மாதிரி நின்றது. சாம்பல் கலர், 2007 மாடல், டீசல், டிஎன் 69 பதிவு. கிலோமீட்டர் 78,000 காட்டியது. கதவைத் திறந்ததும் மல்லிகை வாசனை மூக்கில் ஏறியது, டேஷ்போர்டு மேல் இரண்டு வாசனை டப்பா. என்ஜினைக் கழுவி எதையோ தடவி மினுமினுக்க வைத்திருந்தார்கள்.

"டாக்டர் வண்டி சார். தூத்துக்குடியில வேலை பாத்தப்ப எடுத்தது, சிங்கிள் ஓனர். நாலு டயரும் புதுசு, பேட்டரி புதுசு, சீட் கவர், மேட் எல்லாம் புதுசு. நீங்க டீசல் ஊத்தி ஓட்டுனா போதும்" என்றார் விற்றவர். 15 வருஷம் முடிந்து ஆர்.சி.யை 2027 வரை புதுப்பித்தும் இருந்தது. 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 15 வயது தாண்டிய காருக்கு 5,000 ஆகிவிட்டது, அதையும் கட்டியாச்சு என்று சொன்னபோது நல்லதாகவே பட்டது.

என் மனைவி தனியாகக் கூப்பிட்டு, "மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டு வந்து ஒரு தடவை காட்டிட்டுக் கொடுக்கலாமே" என்றாள். அதற்குள் அவர், களியக்காவிளையில் இருந்து ஒரு பார்ட்டி சாயங்காலம் பணத்தோடு வாறாங்க என்று சொல்லிவிட்டார். வண்டி போய்விடுமே என்ற பதற்றத்தில் அங்கேயே 10,000 அனுப்பினேன். அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

மூன்றாம் நாள் பாக்கிப் பணத்தைக் கொடுத்தபோது டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். "இன்று மாலை 5.40 மணி முதல் வண்டி சம்பந்தமான எல்லாப் பொறுப்பும் வாங்குபவரையே சேரும். வண்டி உள்ளது உள்ளபடி ஒப்படைக்கப்பட்டது." பில் கேட்டதற்கு, பழைய வண்டிக்கு இதுதான் சார் பில் என்றார்.

பெயர் மாற்ற மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனபோதுதான் முதல் நெருடல். விண்ணப்பத்தைப் பார்த்தவர், "நீங்க அஞ்சாவது ஓனர்" என்றார். சிங்கிள் ஓனர் என்றார்களே என்றேன். எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். நாலாவது கை என்று தெளிவாக இருந்தது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் இரண்டு நிமிஷத்தில் பார்த்திருக்க வேண்டியது. விற்றவருக்கு போன் செய்தேன். "குடும்பத்துக்குள்ள மாத்திக்கிட்டது சார், எல்லாம் ஒரே வீட்டு ஆளுதான்" என்றார். அதையும் நம்பினேன்.

வாசனை டப்பா தீர்ந்தது. வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்தினால் உள்ளே குளத்துச் சேறு காய்கிற வாடை வந்தது. ஏசி அடைப்பாக இருக்கும் என்று அதைச் சுத்தம் செய்ய 2,500 கொடுத்தேன். அப்புறம் ஹாரன் தானாக அடித்தது. பவர் விண்டோ ஒருநாள் இறங்கும், ஒருநாள் இறங்காது. ஆல்டர்னேட்டர் போனது. ஒவ்வொன்றும் தனித்தனி ரிப்பேர் என்றே எண்ணினேன்.

பிப்ரவரி கடைசியில் ஒரு விடிகாலை. தேனீ வெளியே வராதபடி வாசலை அடைத்த பத்துப் பெட்டிகளைப் பின்னால் அடுக்கிக்கொண்டு நாலு மணிக்குக் கிளம்பினேன். விடியும் முன்னால் பேச்சிப்பாறைப் பக்கத்து எஸ்டேட்டில் இறக்கி வாசலைத் திறந்துவிட வேண்டும். குலசேகரம் தாண்டி ஒரு ஏற்றத்தில் விளக்கு மங்கியது, என்ஜின் நின்றது. சாவியைத் திருப்பினால் டிக் என்ற சத்தம் கூட இல்லை. மூன்று டிரைவர்களுக்கு போன் செய்தும் அந்த நேரத்தில் யாரும் எடுக்கவில்லை. டிக்கியையும் நாலு கதவையும் திறந்து வைத்துவிட்டு ரோட்டோரம் நின்றேன்.

அடைத்த பெட்டிக்குள் தேனீ முதலில் மெல்ல இரையும். சூடு ஏற ஏற அந்த இரைச்சல் தடிக்கும். பெட்டி மேல் கை வைத்தால் பலகை அதிர்வது விரலுக்குத் தெரியும். ஏழு மணிக்கு வெயில் நேராக டிக்கிக்குள் விழுந்தபோது பலகை கை பொறுக்காத அளவுக்கு அதிர்ந்தது. ரோட்டில் வைத்துத் திறக்கவும் முடியாது, அந்நேரம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். எட்டேகாலுக்கு ஒரு லோடு ஆட்டோ வந்து சேர்ந்தது. எஸ்டேட்டில் இறக்கித் திறந்தபோது இரண்டு பெட்டியில் சத்தமே இல்லை. அடை சரிந்து, தேன் வழிந்து, அதிலேயே ஒட்டிச் செத்துக் கிடந்தன. இருபது வருஷத் தொழிலில் என் கையால் அப்படி ஒரு கூட்டத்தை நான் சாகக் கொடுத்ததில்லை.

வண்டியைக் கட்டி இழுத்து, முதலிலேயே காட்டியிருக்க வேண்டிய மெக்கானிக் அண்ணனிடம் கொண்டு போனேன். டீசல் பம்பில் டீசலைத் திறந்து அடைக்கும் கட்-ஆஃப் சோலனாய்டுக்குக் கரண்ட் வரவில்லை என்று கண்டுபிடித்தார். அந்த வயரைப் பின்தொடர்ந்து போய் ஃப்யூஸ் பாக்ஸைக் கழற்றினார். பின்கள் எல்லாம் பித்தளைப் பாத்திரத்தில் பிடிப்பது போலப் பச்சைக் களிம்பு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு டிரைவர் சீட் பக்கம் வந்து பெல்ட்டைப் பிடித்து மெதுவாக இழுத்தார்.

நாம் மாட்டும் அளவு வரைக்கும் பெல்ட் கருப்பாக, சுத்தமாக வந்தது. அவர் விடாமல் இழுத்தார். கடைசி ஒன்றரை அடியில் நிறம் மாறியது. சுண்டுவிரல் அகலத்துக்குக் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு, அதற்குக் கீழே முழுக்க வெளிறிய மண் நிறம். நகத்தால் சுரண்டினார். பொடியாக வண்டல் உதிர்ந்தது.

"மக்ளே, இது தண்ணியில கெடந்த வண்டி."

அப்புறம் ஒவ்வொன்றாகக் காட்டினார். புது மேட்டைத் தூக்கினால் அடியில் பஞ்சு இன்னும் ஈரம். ஸ்டெப்னி வைக்கும் குழியில், தண்ணீர் வடிகிற ரப்பர் மூடியைச் சுற்றி வண்டல் இறுகிக் கிடந்தது. சீட் ரெயில் போல்ட்டுகளிலும் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் இரும்புப் பட்டைகளிலும் துரு. நம் ஊர் கடற்காற்றுத் துருவாக இருக்காதா என்று கேட்டேன். குளச்சல், மணவாளக்குறிச்சி வண்டிகளை வருஷக்கணக்காகப் பார்க்கிறவர் அவர். "கடக்காத்துல பிடிச்சா கதவடியில, வீல் ஆர்ச்சுல, வெளிய இருந்து தொடங்கும். இது உள்ள இருந்து வந்திருக்கு" என்றார். பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. 78,000 ஓடின வண்டிக்கு அப்படித் தேயாது.

டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். நாலு டயரிலும் ஸ்டெப்னியிலும் 2024-ன் தொடக்க வாரங்கள். பேட்டரியும் 2024. ஒரு மனிதர் டயர், பேட்டரி, சீட் கவர், மேட் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஏன் மாற்றுகிறார்? என்னிடம் பெருமையாகச் சொன்ன புதுசு அத்தனையும் அதற்குச் சாட்சிதான். எனக்கு அன்று கேட்கத் தோன்றவில்லை.

2023 டிசம்பர் 17, 18 மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் புகுந்தது. வண்டிக்குள் கிடந்த பழைய இன்ஷூரன்ஸ் தாளில் இருந்த முகவரி ஆற்றங்கரை ஊர் ஒன்று. தாளில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். எடுத்தவர் பெரியவர், டாக்டர் இல்லை, கடை வைத்திருந்தவர். ஒளிக்காமல் சொன்னார். "ரெண்டு நாள் தண்ணிக்குள்ள நின்னது தம்பி. ஸ்டார்ட் பண்ணாமலே 35,000-க்குக் கொடுத்துட்டோம். தண்ணியில நின்ன வண்டின்னு சொல்லித்தான் கொடுத்தோம். கையெழுத்து போட்ட ஃபாரம் வாங்கிட்டுப் போனாங்க, பேரே மாத்தலையா?"

மாற்றவில்லை. ஒரு வருஷம், பெயர் மாற்றுவதற்கான அந்த 29, 30 ஃபாரங்களை வைத்துக்கொண்டே கைமாற்றியிருக்கிறார்கள். இது விற்பவர்களும் கவனிக்க வேண்டியது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அந்த ஒரு வருஷத்தில் வண்டி யாரையாவது இடித்திருந்தால் அந்தப் பெரியவர்தான் கோர்ட்டுக்கு அலைந்திருப்பார். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரி ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

விற்றவரிடம் போனேன். முகம் கொடுத்துப் பேசவில்லை. டெலிவரி நோட்டை எடுத்து வைத்து, "உள்ளது உள்ளபடின்னு நீங்கதானே கையெழுத்து போட்டீங்க" என்றார். வக்கீல், தெரிந்தே மறைத்து விற்றதை அந்த ஒரு வரி மூடிவிடாது என்கிறார். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்கிறார்கள். "டாக்டர் வண்டி, சிங்கிள் ஓனர்" என்று அவர் வாட்ஸாப்பில் அனுப்பியதை நான் அழிக்கவில்லை, அதுதான் இப்போது என் கையில் இருக்கும் பெரிய ஆதாரம். வியாபாரி போனில் சொல்வதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

ரிப்பேருக்கு மட்டும் 48,500 போயிருக்கிறது. வயரிங் முழுசாக மாற்றினால்தான் நம்பி ஓட்டலாம் என்கிறார் அண்ணன். வண்டி இப்போது வீட்டுப் பலா மரத்தடியில் தார்ப்பாய் மூடி நிற்கிறது. அதை இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

போன வாரம் திங்கள்சந்தைப் பக்கம் ஒரு வேகன் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆப்பில் பார்த்தோம், இரண்டாவது ஓனர், சொன்னதும் அதுவே. ஐந்து பெல்ட்டையும் கடைசி வரை இழுத்தோம், கோடு இல்லை. ஸ்டெப்னிக் குழி காய்ந்து கிடந்தது. ஆயில் மூடியைத் திறந்தால், தண்ணீர் கலந்தால் வரும் பால் மாதிரி நுரை இல்லை. டயர்கள் வெவ்வேறு வருஷம். "வண்டி கொள்ளாம் மக்ளே" என்றார் அண்ணன். ஆனால் ஆர்.சி.யில் கடன் கொடுத்த பேங்கின் பெயர் இன்னும் நீங்கவில்லை. ஹெச்.பி. என்கிற அந்தக் கடன் பதிவு கேன்சல் ஆனதும் கூப்பிடுங்கள் என்று நம்பர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். அட்வான்ஸ் கொடுக்கவில்லை.