பழைய மின்காரின் பன்னிரண்டு கோடுகளை நம்பாதீர்கள்: 4,85,000 ரூபாயைப் பறிகொடுத்த எச்சரிக்கை

நேற்று மாலை ஐந்து மணிக்கு, நான் கார் வாங்கிய ரீகண்டிஷன் கார் விற்பனை நிலையத்தின் வாசலில் என்னை வெயிலில் நிற்க வைத்து, "உள்ள நிலையில் வாங்கிக்கொண்டீர்கள், கையெழுத்தும் போட்டீர்கள், இனி எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் கொடுத்தது 4,85,000 ரூபாய். இருபத்தொன்பது ஆண்டுகள் தமிழாசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகையில் பெரும்பகுதி அது. இரவு முழுவதும் கண் மூடவில்லை. விடிந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். வழக்கு நடக்கவிருப்பதால் நிலையத்தின் பெயரை எழுத மாட்டேன். ஆனால் அவர்கள் செய்த வேலையை எந்த நிலையத்திலும் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதால், பழைய மின்கார் வாங்கும் எண்ணத்தில் இருக்கும் மொரீஷியஸ் தமிழர்கள் தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் ரோஸ் ஹில்லில் இருக்கிறோம். என் மாமியார் மாயேபூரில் தனியாக வாழ்கிறார்; வயது எண்பத்தொன்று. வாரம் ஒருமுறையாவது போய்ப் பார்த்து, தேவைப்பட்டால் அழைத்துவர ஒரு சிறிய கார் வேண்டும், பெட்ரோல் செலவும் குறைய வேண்டும் என்பதுதான் எங்கள் எண்ணம். 2022 ஜூலையில் மின்கார்களுக்கான கலால் வரியை அரசு நீக்கிய பிறகு நம் தெருக்களில் அவை பெருகியிருப்பதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. புதிய காருக்கு வசதி இல்லை. இணையத்தில் பழைய பொருள்கள் விற்கும் ஒரு தளத்தில், 2011ஆம் ஆண்டுத் தயாரிப்பான நிசான் லீஃப் ஒன்றின் படத்தைக் கண்டேன். ஜப்பானில் ஓடி, இங்கே வந்து மேலும் சில ஆண்டுகள் ஓடி, மறுபடி விற்பனைக்கு வந்த வண்டி. அதை உருவாக்கியவர்கள்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பேட்டரி வலுவிழப்பது இயற்கை. அதை மறைத்து விற்றதுதான் குற்றம்.

அந்தச் சனிக்கிழமை நடந்ததை நான் மறக்கப் போவதில்லை. விற்பவர் நெற்றியில் திருநீறு அணிந்திருந்தார், மேசைமேல் முருகன் படம் வைத்திருந்தார். பேச்செல்லாம் கிரியோலில்தான். பேட்டரியின் நிலை எப்படி என்று கேட்டதும் என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொல்லி, காரை உயிர்ப்பித்து, டாஷ்போர்டின் வலது ஓரத்தில் நிற்கும் சின்னஞ்சிறு கோடுகளைக் காட்டினார். "எண்ணுங்கள் ஐயா" என்று தமிழில் சொன்னார். என் விரலைப் பிடித்துத் திரையின் அருகே கொண்டுபோய் அவரே எண்ணத் தொடங்கினார்: ஒன்று, இரண்டு, மூன்று. நானும் சேர்ந்துகொண்டேன். பன்னிரண்டு வரை ஒரு எண்கூடத் தடுமாறாமல் வந்தது. "சின்ன வயதில் பள்ளியில் படித்தது ஐயா, மறக்கவில்லை" என்றார். வாழ்நாள் முழுவதும் இத்தீவின் பிள்ளைகளுக்கு அந்த எண்களைச் சொல்லிக் கொடுத்தவன் நான். கிரியோலைத் தவிர வேறொன்றும் பேசாத ஒரு வாயிலிருந்து அவை பிழையின்றி வந்தபோது என் மனம் இளகிவிட்டது. அதன் பிறகு நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை வங்கிக் காசோலையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்: 4,85,000 ரூபாய்.

அந்தக் கோடுகள் எதைக் காட்டுகின்றன என்பதை நான் பிறகுதான் கற்றேன். லீஃபின் திரையில் இரண்டு வரிசைகள் உண்டு. பெரிய கோடுகள் இப்போது எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று காட்டும். அவை ஓட ஓடக் குறைந்து, சார்ஜ் ஏற்றினால் நிரம்பும். அதன் பக்கத்தில் நிற்கும் சிறிய பன்னிரண்டு கோடுகள் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவுக்கானவை. புதிய பேட்டரியின் கொள்ளளவில் ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்த பிறகுதான் முதல் கோடு மறையும். அதற்குப் பின் ஏறத்தாழ 6 சதவீதத்துக்கு ஒன்றாக மறையும். இவ்வகைக் கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு கிடையாது, வெளிக்காற்றை நம்பியே இருக்கின்றன. ஆகையால் வெப்பமான ஊர்களில் தேய்மானம் வேகமாக நடக்கிறது. இத்தனை ஆண்டுகள் ஓடிய பேட்டரியில் பன்னிரண்டு கோடுகளும் நிற்கின்றன என்றால் அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பேட்டரியைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டுக் கருவியின் நினைவை அழித்துவிட்டால், அது தன்னைப் புதிய பேட்டரி என்று எண்ணிக்கொண்டு பன்னிரண்டையும் காட்டுகிறது. வண்டி ஓட ஓட உண்மையை மீண்டும் கற்றுக்கொண்டு ஒவ்வொரு கோடாக உதிர்க்கிறது. அதற்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். விற்பவருக்குத் தேவையானது அந்தச் சில வாரங்கள்தான்.

"ஒரு முறை சார்ஜ் செய்தால் 200 கிலோமீட்டர்" என்றும் சொன்னார். அந்த 200 ஜப்பானின் சோதனை முறையில், வண்டி புத்தம் புதிதாக இருந்தபோது கிடைத்த அளவு. அதே வண்டிக்கு, அதுவும் புதிதாக இருந்தபோதே, அமெரிக்க அரசின் அளவீடு கொடுத்தது 73 மைல், அதாவது சுமார் 117 கிலோமீட்டர்.

கோடுகள் உதிர்வதற்கு முன்பே வேறொரு ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தோம். காரோடு கொடுத்த சார்ஜ் கேபிளின் பெட்டிமேல் 200 வோல்ட், 15 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. ஜப்பானியச் செருகியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் நாம் இஸ்திரிப் பெட்டிக்கும் கெட்டிலுக்கும் பயன்படுத்தும் சாதாரண 13 ஆம்பியர் செருகியைப் பொருத்திக் கொடுத்திருந்தார்கள். கெட்டில் மூன்று நிமிடத்தில் நின்றுவிடும். கார் ஏழெட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். இரண்டாம் வாரம் ஓர் இரவு, மின்கம்பியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கருகும் நாற்றத்தை என் மனைவிதான் முதலில் உணர்ந்தார். மெயினை அணைத்துவிட்டுக் கீழே போய்ப் பார்த்தேன். வெள்ளைச் செருகியின் ஒரு பக்கம் தேயிலைச் சாயம்போல் பழுத்திருந்தது. இழுத்தபோது பித்தளை முள் ஒன்று சுவரிலிருந்த பிளாஸ்டிக்கையும் நூல் நூலாகச் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் சமையல் எரிவாயு உருளை இருக்கிறது. அன்று அவர் விழித்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை என்னால் இன்னும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நம்முடைய 13 ஆம்பியர் சாக்கெட்டுகளுக்கென்று முறையாகச் செய்த கேபிள்கள் வழக்கமாக 10 ஆம்பியர் அளவோடு நிறுத்திக்கொள்கின்றன. அதற்கு மேல் வேண்டுமென்றால் தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு தனிக் கம்பியும் தனிப் பாதுகாப்பு சுவிட்சும் போட்டு, சுவரில் பொருத்தும் சார்ஜர் வைக்க வேண்டும். இதைச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தபோது, "உங்கள் வீட்டு வயரிங் பழசு" என்று பதில் வந்தது.

மூன்றாம் வாரம் அந்தச் சிறிய கோடுகள் பதினொன்றாயின, ஒரு சில நாளில் பத்து, பிறகு ஒன்பது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியாரை அழைத்துவர மாயேபூர் போனோம். போகும்போது மேட்டைத் தாண்டிவிட்டால் கடல்வரை இறக்கம்தான். திரையும் நம்பிக்கையான எண்ணையே காட்டியது. திரும்பும்போது ரோஸ் பெல்லைக் கடந்து நூவெல் ஃபிரான்ஸை நோக்கி ஏறத் தொடங்கியதும், மீதமுள்ள கிலோமீட்டர் 31லிருந்து 18க்கும், 18லிருந்து எண்ணே இல்லாத வெறும் '---' குறிக்கும் கண்முன்னே இறங்கியது. அடுத்து மஞ்சள் நிறத்தில் ஆமைச் சின்னம் எரிந்தது. பேட்டரி அடிமட்டத்துக்கு வந்துவிட்டது, வேகத்தைக் குறைக்கிறேன் என்று வண்டி சொல்லும் அடையாளம் அது. நெடுஞ்சாலையில், மழைத் தூறலில், பின்னால் கரும்பு லாரிகள் ஒலியெழுப்ப, முடிந்த மட்டும் இடது ஓரத்துக்கு ஒதுங்கினேன். புறப்பட்டதிலிருந்து ஓடியது 60 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஒன்றரை மணி நேரம் அங்கேயே கிடந்தோம். மாமியார் ஒரு குறையும் சொல்லவில்லை, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு என் மனைவியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வக்வாவில் வாகன மின்பணி செய்யும் என் பழைய மாணவர் ஒருவர், காரின் பழுதைக் கண்டறியும் இணைப்பில் சிறு கருவியைப் பொருத்தி, தொலைபேசியில் உள்ள லீஃப் ஸ்பை என்ற செயலியால் படித்துக் காட்டினார். பேட்டரியின் நலம் 61 சதவீதம். கோடுகள் எட்டாகிவிட்டிருந்தன. உள்ளே 96 மின்கல இணைகள் வரிசையாக உள்ளன. ஏற்றத்தில் சுமை விழும்போது அவற்றில் நான்கைந்து மற்றவற்றைவிட மிகவும் தாழ்ந்து போவதையும் காட்டினார். "இது உங்களால் வந்தது இல்லை ஐயா, ஆறு வாரத்தில் எந்தப் பேட்டரியும் இப்படித் தேயாது" என்றார். பார்த்த வேலைக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

இந்த அளவுகளை அச்செடுத்துக்கொண்டு நான்கு முறை நிலையத்துக்குப் போனேன். முதல் முறை, வண்டி நம் சாலைக்குப் பழக வேண்டும் என்றார்கள். இரண்டாம் முறை, ஏசி போட்டு ஓட்டியிருப்பீர்கள் என்றார்கள். மூன்றாம் முறை முதலாளி இல்லை. "தெமேன், தெமேன்" (நாளை, நாளை) என்று ஒரு பையன் சொல்லிக்கொண்டே இருந்தான், அந்த நாளை ஒன்பது நாளாயிற்று. என்னோடு சேர்ந்து பன்னிரண்டு வரை எண்ணியவர் இப்போது என் எண்ணைக் கண்டால் தொலைபேசியை எடுப்பதில்லை. நேற்று நான்காம் முறை நேரில் பிடித்தேன். தமிழ் ஒரு சொல்லும் வரவில்லை. இரசீதின் அடியில், எறும்பு வரிசைபோன்ற எழுத்தில் பிரெஞ்சில் அச்சிட்டிருந்த வரியைக் காட்டினார்: உள்ள நிலையில் விற்கப்பட்டது, உத்தரவாதம் இல்லை. நான் கையெழுத்திட்டது அதன் கீழேதான். பிறகு, வேண்டுமானால் 1,75,000 ரூபாய்க்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார். 4,85,000 ரூபாய் வாங்கிய கை, ஆறு வாரத்தில் அதே காருக்கு 1,75,000 தருகிறதாம். மறுபடி கோடுகளை நிரப்பி அடுத்தவரிடம் விற்பதற்குத்தானே? அதை நினைத்துத்தான் மறுத்துவிட்டு வந்தேன்.

நம் சிவில் சட்டத் தொகுப்பில் மறைகுறைகளுக்கு, அதாவது 'வீஸ் காஷே' என்பதற்கு, விற்பவரே பொறுப்பு என்ற விதி இருக்கிறது. குறையை அறிந்தே மறைத்தவரை இரசீதின் ஒரு வரி காப்பாற்றாது என்றும், காலம் கடத்தாமல் போக வேண்டும் என்றும் வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கும் மனு எழுதிவிட்டேன்.

வாங்குபவர்களுக்கு விரிவாக வழிமுறைகள் எழுத நினைத்திருந்தேன். ஆனால் பத்து மணிக்கு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருக்க வேண்டும், ஆகையால் தலையாயவற்றை மட்டும் சொல்கிறேன். கோடுகளை எண்ணிப் பணம் கொடுக்காதீர்கள். முழுச் சார்ஜோடு காரைக் கேட்டு வாங்கி, குறைந்தது 50 கிலோமீட்டர், அதிலும் போர்ட் லூயிஸிலிருந்து கியூர்பிப் வரையிலான ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்து, எத்தனை சதவீதம் செலவாயிற்று என்று எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு விடாதவரிடம் வாங்காதீர்கள். நினைவை அழித்த புதிதில் செயலியின் எண்ணும் பொய் சொல்லக்கூடும், ஓட்டம் பொய் சொல்லாது. பேட்டரியின் நலம் இத்தனை சதவீதம் என்று இரசீதில் எழுதி வாங்குங்கள். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது தலைநகரில் கார்கள் வெள்ளத்தில் மிதந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அப்படி நனைந்த காரா என்று அறிய, தரை விரிப்பைத் தூக்கிச் சேறும் துருவும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆரஞ்சு நிறக் கம்பிகளை நீங்களும் தொடாதீர்கள், தெருவோர மெக்கானிக்கையும் தொடவிடாதீர்கள். அவற்றில் ஓடுவது ஏறத்தாழ 360 வோல்ட். மேட்டு ஊர்களில் இருப்பவர்கள் முழுச் சார்ஜோடு இறக்கத்தில் கிளம்பினால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானாக வேகம் குறைக்கும் என்று எண்ணாதீர்கள்; அப்படி வேகம் குறையும்போது மோட்டார் உண்டாக்கும் மின்சாரத்தை நிரம்பிய பேட்டரி ஏற்காது, பிரேக்கைத்தான் மிதிக்க வேண்டும்.

வெட்டி ஒட்டிய செருகியோடு கேபிள் கொடுத்தால் அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். இதே காரை இதே நிலையத்தில் வாங்கிய வேறு யாராவது இதைப் படித்தால், இன்றிரவு சார்ஜில் போடுவதற்கு முன் உங்கள் செருகியைத் தொட்டுப் பாருங்கள். எனக்கும் எழுதுங்கள், மனுவில் உங்களையும் சேர்த்துக்கொள்கிறேன்.