வண்டி போடும் கோடா, ஈரத் தரை போடும் கோடா? நீலகிரி ராத்திரித் தெருக்களில் ஒரு ஒப்பீடு

சமவெளி ஊர்களில் ராத்திரி படம் எடுக்கிறவர்களுக்கு லீடிங் லைன், அதாவது பார்க்கிறவர் கண்ணைப் படத்துக்குள் கூட்டிப்போகிற கோடு, பெரிய சிக்கல் இல்லை. நீளமான தெரு, இரண்டு பக்கமும் விளக்குக் கம்பம். நடுவாக்கில் நின்றால் போதும், கோடுகள் தானாகப் போய் ஒரு புள்ளியில் முட்டும், பார்க்கிறவர் கண்ணும் கூடவே போகும். நீலகிரியில் அந்தச் சொகுசு கிடையாது. ஐம்பது அடி போவதற்குள் ரோடு திரும்பிவிடும். திரும்பாத இடத்தில் மேடு வந்து கோட்டை முறித்துவிடும். மிச்சம் இருப்பதைப் பனிமூட்டம் விழுங்கிவிடும். நாலாவது விளக்குக்கு அப்புறம் வெறும் வெள்ளைதான்.

அதனால் இங்கே ரோட்டை நம்பாமல் வெளிச்சத்தை நம்புகிறோம். அதற்கு இரண்டு வழி. ட்ரைபாடில் கேமராவை வைத்து, ஷட்டரைப் பல வினாடி திறந்தே வைத்து, வண்டி விளக்குகளைக் கோடாக இழுப்பது ஒன்று. மழை விட்ட தெருவில் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு, ஈரத் தரையில் நீளும் கடை வெளிச்சத்தைக் கோடாகப் பிடிப்பது இன்னொன்று.

முதல் வழிக்கு மலைப்பாதையை விட்டால் வேறு இடம் இல்லை. குன்னூர்–மேட்டுப்பாளையம் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். மேலிருந்து ஒரு வளைவைப் பார்த்து வைத்தால், ஏறி வரும் ஒரே பஸ் கீழ்த்தட்டில் நம்மை நோக்கி வரும்போது வெள்ளைக் கோடு போடும்; வளைந்து மேல்தட்டில் விலகிப் போகும்போது சிவப்புக் கோடு போடும். நேர் ரோட்டில் இதற்கு இரண்டு வண்டி வேண்டும். இங்கே ஒன்றே போதும்.

நேரக் கணக்கு முக்கியம். மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் வண்டி 10 வினாடியில் சுமார் 83 மீட்டர்தான் போகும். ஒரு முழு வளைவு 250 மீட்டர் இருந்தால் 30 வினாடி திறந்து வைக்க வேண்டும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 100, அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரம்) எஃப்8-இல் தொடங்கினால் போதும். லாரி முதல் கியரில் முனகிக்கொண்டு வந்தால் அதுவும் பற்றாது, பட்டனை விடும்வரை ஷட்டர் திறந்தே இருக்கிற பல்ப் மோடுக்குப் போக வேண்டும். சீசன் நேரத்தில் முயற்சியே வேண்டாம். நெரிசலில் வண்டி நின்று நின்று நகர்வதால் கோட்டுக்குப் பதில் வெளிச்சக் கட்டிகள்தான் கிடைக்கும். அதே பாதையில் கீழே பர்லியாறு பக்கம் இறங்கினால் யானை நடமாட்டம் உண்டு. தனியாகப் போய் ட்ரைபாடை விரிக்கிற இடம் அது இல்லை.

ஊருக்குள் ட்ரைபாட் வைத்தால் வேறு வம்பு. குன்னூர் மவுண்ட் ரோட்டில் ஒருநாள் மூன்று காலையும் விரித்ததும் ஒரு கடைக்காரர் வெளியே வந்து, “ஏன் தம்பி, ரோட்டை அகலம் பண்றாங்களா?” என்றார். சர்வே ஆள் என்று நினைத்துவிட்டார். இல்லை என்று நம்ப வைப்பதற்குள் பஸ் போய்விட்டது.

இந்த வழியின் உண்மையான குறை அதுவல்ல. 10 வினாடியில் நடந்து போகிற மனிதர் படத்திலிருந்து காணாமல் போகிறார். கோடு கண்ணை அழகாகக் கூட்டிப்போகும், போய்ச் சேர்ந்த இடத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். ஊரின் படம் என்று சொல்லலாம், தெருப் படம் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

சரி, இரண்டாவது வழி. ஊட்டி கமர்ஷியல் ரோடு, மழை விட்ட கால் மணி நேரம். ஈரத் தாரில் விழும் விளக்கு வெளிச்சம் எப்போதும் பார்க்கிறவரை நோக்கியே நீளும். நீங்கள் இடது ஓரம் போனால் அதுவும் கூடவே வரும். ரோடு எப்படி வளைந்தாலும் இந்தக் கோடு நேராக உங்கள் காலடிக்கு வந்து நிற்கும். மலை ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்? கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் கோடு இன்னும் நீளும். பக்கத்து விளக்கிலிருந்தே அது தொடங்குவதால் பனிமூட்டத்தாலும் அதை அறுக்க முடியாது. சொல்லப்போனால் மூட்டம் உதவிதான் செய்கிறது. பின்னால் இருக்கிற குப்பை போர்டுகளை மறைத்துவிடும்.

கோட்டின் மேல்முனையில், விளக்குக்கு முன்னால் ஒரு ஆள் வரும்வரை நிற்க வேண்டும். குல்லாவும் ஸ்வெட்டருமாக ஒருவர் குறுக்கே போனால் உருவம் கறுப்பாக, சுற்றிலும் ஒளி விளிம்போடு விழும். சாதாரண நடையில் 1/15 வினாடிக்குள் ஆள் எட்டு சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார், உருவம் கலங்கும். ஷட்டரை 1/125 வைத்தால் ஒரு சென்டிமீட்டர்தான். அதற்கு அகலமாகத் திறக்கிற எஃப்1.8 லென்ஸும் ஐஎஸ்ஓ 3200-ம் வேண்டியிருக்கும். புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும், வரட்டும். ஆட்டோஃபோகஸ் மூட்டத்தில் தடுமாறும். கடை போர்டின் எழுத்தில் ஃபோகஸைப் பிடித்துப் பூட்டிவிடுவேன். மொபைலில் நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது பல பிரேம்களை ஒட்டுவதால் நடக்கிற ஆள் பேயாகிவிடுகிறார்.

ஊட்டி சேரிங் கிராஸ் சந்திப்பில் ஆடம்ஸ் நீரூற்றை நோக்கி நாலா பக்கமும் கோடு ஓடும் என்று பலர் அங்கேயே நிற்பார்கள். கோடுகள் ஓடுவது நிஜம்தான். ஆனால் போய்ச் சேர்கிற இடம் எல்லோர் படத்திலும் ஒரே நீரூற்று.

தண்டவாளம்? மலை ரயிலின் மீட்டர்கேஜ் பாதை பார்க்க அருமையான கோடு. ஆனால் பாதையில் இறங்கி நிற்பது ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-இன்படி குற்றம். பிளாட்பாரத்து விளிம்போடு திருப்திப்பட வேண்டியதுதான். நீலகிரியை விட்டுக் கொடைக்கானல் போனாலும், ஏரி ரோடு ஐந்து கிலோமீட்டரும் வளைவுதான். கரை விளக்குகள் தண்ணீரில் நீளும், அழகுதான், ஆனால் ராத்திரியில் ஆள் குறைவு, காட்டுமாடு அதிகம்.

என் பையில் இப்போது ட்ரைபாட் பெரும்பாலும் இருப்பதில்லை. ஊட்டிக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குன்னூருக்கு அக்டோபர், நவம்பர்: இந்த மழை மாதங்களில் ஒரு 35 எம்எம் லென்ஸும் குடையும் போதும். டீக்கடைக்குள் நுழைகிறதற்கு முன்னால் கேமராவைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிட வேண்டும். வெளிக்குளிரில் இருந்த லென்ஸ் அடுப்புச் சூட்டில் ஆவி பிடித்துக்கொள்ளும். ஜனவரி, பிப்ரவரியில் தரை காய்ந்து கிடக்கும், வானம் துடைத்த மாதிரி இருக்கும். அப்போது ட்ரைபாடைத் தூசி தட்டி எடுப்பேன், கூட ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு.