மருவுக்கு எது நல்லது: ஆசிட்டா, ஐஸா, கோயில் உப்பா?

விரல் மூட்டில் மிளகு அளவுக்குச் சொரசொரப்பாக ஒன்று முளைத்தால் போதும், யோசனைக்குப் பஞ்சமே இருக்காது. எனக்கு ஆட்காட்டி விரலில் வந்தது. பெரியப்பா குதிரை வால் முடியைக் கட்டச் சொன்னார். அத்தை வைத்தீஸ்வரன் கோயிலுக்கு உப்பும் மிளகும் நேர்ந்துகொண்டார். மருந்துக்கடை அண்ணன் சாலிசிலிக் ஆசிட் குட்டி பாட்டில் ஒன்றை எடுத்து வைத்து, "தினமும் ஒரு சொட்டு, தம்பி" என்றார்.

மரு வருவது ஹெச்.பி.வி. என்ற வைரஸால். தோலின் மேலடுக்கிலேயே குடியிருக்கும், ஆழமாக வேரெல்லாம் கிடையாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை அடையாளம் கண்டுகொண்ட பிறகு தானாகவே உதிரும். பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓராண்டுக்குள் போய்விடுகிறது. எந்த வைத்தியம் செய்தாலும் 'கைகண்ட மருந்து' என்று பெயர் வாங்குவது இதனால்தான்.

சும்மா இருந்தாலே போகக்கூடியதை எது சீக்கிரம் போக்கும்? இதை ஒழுங்காகச் சோதித்தவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். 2010-இல் வெளியான அவர்களது ஆய்வில் 250 பேர். ஒரு பிரிவுக்குத் திரவ நைட்ரஜனால் உறைய வைத்தார்கள், ஒரு பிரிவுக்கு சாலிசிலிக் ஆசிட், மூன்றாவது பிரிவுக்கு எதுவுமில்லை. 13 வாரம் கழித்துப் பார்த்தால், கை போன்ற இடங்களில் வரும் சாதாரண மரு உறைய வைத்தவர்களில் 49 சதவீதம் பேருக்குப் போயிருந்தது. ஆசிட்டில் 15, சும்மா விட்டதில் 8. உள்ளங்கால் மருவில் மட்டும் மூன்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அதனால் என் கணக்கு இது: கையென்றால் ஐஸ், அதாவது திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது; காலென்றால் ஆசிட். காலில் இரண்டும் ஒன்று எனும்போது வலியும் செலவும் குறைந்ததை எடுப்பதுதானே புத்தி?

ஆசிட்டில் கஷ்டம் மருந்தில் இல்லை, நம் சோம்பலில் இருக்கிறது. ராத்திரி பத்து நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, வெளுத்த தோலை உப்புத்தாளால் தேய்த்து, சுற்றிலும் வாசலின் தடவி, மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு வைக்க வேண்டும். காய்ந்ததும் வெள்ளையாக ஏடு படியும். இதை மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். நான் ஆறாவது வாரத்தில் விட்டுவிட்டேன். தேய்த்த தாளை வேறு இடத்தில் பயன்படுத்தினால் மரு அங்கேயும் முளைக்கலாம்.

உறைய வைப்பது மைனஸ் 196 டிகிரி சமாச்சாரம். பத்து விநாடிதான், ஆனால் அன்று முழுக்கத் தெறிக்கும். மறுநாள் கொப்புளம். இரண்டு மூன்று வாரத்துக்கொருமுறை போக வேண்டும், எல்லா ஊரிலும் கிடைப்பதுமில்லை. நம் மாதிரி மாநிறத் தோலில் வெளுத்த தழும்பு விழலாம். என் விரலில் இன்னும் இருக்கிறது.

கரண்ட் வைத்துச் சுடுவது மரத்துப்போக ஊசி போட்டு ஒரே நாளில் முடிகிற வேலை. ஆனால் தழும்பு விழும், திரும்பவும் வரலாம். முழங்கையில் சரி, உள்ளங்காலில் வேண்டாம். அந்தத் தழும்பை ஆயுசுக்கும் மிதித்து நடக்க வேண்டும். குதிரை முடி காம்போடு தொங்கும் பாலுண்ணிக்குத்தான் கட்ட முடியும், தட்டையான மருவில் நிற்கவே நிற்காது. அம்மான் பச்சரிசிப் பால் கண்ணில் பட்டால் கண் புண்ணாகிவிடும். சுண்ணாம்பும் சலவை சோடாவும் கலந்து வைப்பது மருவோடு நல்ல தோலையும் அரித்துவிடும்.

காலில் இருப்பது மருவா, ஆணியா என்று முதலில் பாருங்கள். நேராக அழுத்தினால் வலிப்பது பெரும்பாலும் ஆணி, பக்கவாட்டில் கிள்ளினால் வலிப்பது மரு. மேல்தோலைச் சீவினால் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தாலும் மருதான். சர்க்கரை உள்ளவர்கள் காலில் தாங்களாகவே ஆசிட் வைக்கக் கூடாது. முகத்திலோ மறைவிடத்திலோ இருந்தால் யாராயினும் டாக்டரிடம்தான்.

என் மரு மூன்றாம் முறை உறைய வைத்த பிறகு உதிர்ந்தது. அந்த வாரம்தான் அத்தை கோயிலுக்குப் போய் உப்பு மிளகு போட்டுவிட்டு வந்திருந்தார். யாரால் போனது என்ற வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் நடக்கிறது.