இரண்டு வருடமாக நான் நிரப்பி வரும் நிகர மதிப்பு ஷீட்

இது ஒரு எக்செல் டெம்ப்ளேட்டுக்கான ரிவ்யூ. இலவசமாகக் கிடைப்பது, மொத்தம் மூன்று பக்கம், மாதத்துக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். தேடினால் இதே மாதிரி நிறைய கிடைக்கின்றன, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, அதனால் எது என்று பெயர் சொல்லவில்லை. 26 மாதமாக ஒரு மாதம்கூட விடாமல் நிரப்பியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

இதற்கு முன் செலவுக் கணக்கு ஆப் ஒன்றை மூன்று மாதம் வைத்திருந்தேன். தினமும் நோட்டிஃபிகேஷன் வரும், இந்த வாரம் வெளியில் சாப்பிட்டது அதிகம், இந்த மாதம் பட்ஜெட்டைத் தாண்டிவிட்டீர்கள் என்று. என்ன தப்பு செய்தேன் என்று சொல்லிக்கொண்டே இருந்ததே தவிர, நான் எங்கே நிற்கிறேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. எனக்குத் தெரிய வேண்டியிருந்ததோ அதுதான். 34 வயது, பத்து வருடத்துக்கு மேல் சம்பாதிக்கிறேன், கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் வீடு, கார் என்று போய்விட்டார்கள், என் கணக்கில் மட்டும் மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள், நான் மட்டும் நின்றுவிட்டேன் என்ற எண்ணம் தூங்கப் போகும்போது சரியாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஷீட்டின் முதல் பக்கம் ரொம்ப எளிது. மேலே இருப்பு: சேமிப்புக் கணக்கு, முதலீடு, கையில் இருப்பது. கீழே கடன்: கிரெடிட் கார்டு, தனிநபர் கடன், கல்விக் கடன், தெரிந்தவர்களிடம் வாங்கியது. மேலே இருப்பதிலிருந்து கீழே இருப்பதைக் கழித்தால் வருவது நிகர மதிப்பு. முதல்முறை நிரப்ப எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. கணக்குப் போட அவ்வளவு நேரம் தேவையில்லை, ஒவ்வொரு கடன் ஸ்டேட்மெண்டையும் திறக்கத்தான் மனசு வரவில்லை. கார்டு பாக்கி எவ்வளவு என்று எட்டு மாதமாகப் பார்க்காமலே குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்திருக்கிறேன். அன்று ராத்திரி அதைத் திறந்து, எண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, ஷீட்டில் அதற்கான கட்டத்தில், அதாவது செல்லில், டைப் செய்து என்டர் தட்டியபோது கை குளிர்ந்துவிட்டது. மொத்தம் மைனஸ்.

உண்மைத் தொகையை இங்கே சொல்ல விருப்பமில்லை, அதனால் தொடக்கத்தை −400 என்று வைத்துக்கொள்ளுங்கள், இனி வரும் எண்கள் எல்லாம் அந்த அளவில்தான்.

1954ல் லியான் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் சமூக ஒப்பீடு பற்றி எழுதியதில் ஒரு கருத்து உண்டு: தன்னை அளந்து பார்க்க வேறு அளவுகோல் எதுவும் கையில் இல்லாதபோதுதான் மனிதன் பக்கத்தில் இருப்பவனை வைத்து அளக்கிறான். இதைப் படித்தபோது என் கதையே அதுதான் என்று தோன்றியது. எனக்கு என் எண் தெரியாது, மற்றவர்களின் வீடு தெரியும். அப்போது வேறெதை வைத்துப் பார்த்திருப்பேன்? ஷீட் வந்த பிறகு போன மாதத்து நானே எனக்கு அளவுகோல் ஆகிவிட்டேன். இதற்காக மட்டுமே ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுப்பேன்.

ஆனால் அந்த அளவுகோலிலேயே ஒரு பிழை இருந்தது, அது சின்ன பிழை இல்லை. இரண்டாம் மாதம் நிரப்பினேன், −400 இப்போது −388 ஆகியிருந்தது. 12 அடைந்திருக்கிறது, சந்தோஷப்பட வேண்டிய விஷயம். பக்கத்தில் 'மாற்றம்' என்ற செல்லில் சிவப்பு நிறத்தில் −3% என்று இருந்தது. நான் எங்கேயோ தப்பாக நிரப்பிவிட்டேன் என்று நினைத்து மூன்று முறை சரிபார்த்தேன். தம்பி வந்திருந்தான், அவனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, மைனஸ் குறைஞ்சா அது கூடினதுதானே, இது ஏன் சிவப்பு காட்டுது?" என்று கேட்டான். அப்புறம் ஃபார்முலாவைத் திறந்து பார்த்தோம். இந்த மாதத்திலிருந்து போன மாதத்தைக் கழித்து, போன மாதத்தால் வகுத்திருக்கிறார்கள். போன மாதம் மைனஸ் எண்ணாக இருந்தால் விடையின் குறி தலைகீழாகிவிடும். அதாவது கடனில் இருப்பவர் கடனை அடைத்தால் சிவப்பு, மேலும் கடன் வாங்கிச் செலவழித்தால் பச்சை. வகுக்கும் எண்ணை, மைனஸ் குறியை நீக்கிவிடும் ஏபிஎஸ் (ABS) ஃபங்ஷனுக்குள் போட்டால் சரியாகிவிடுகிறது, ஒரு நிமிட வேலை. ஆனால் எத்தனை பேர் இரண்டாம் மாதம் அந்தச் சிவப்பைப் பார்த்து ஷீட்டை மூடிவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. இதைச் செய்தவர் ஏற்கெனவே பிளஸ்ஸில் இருப்பவர்களை மட்டும் மனதில் வைத்துச் செய்திருக்கிறார்.

கடன் அடைப்பவருக்கு இருக்கும் கஷ்டமே இதுதான். சேமிப்பவர் எதையாவது வாங்கிக் காட்டலாம். அடைத்த கடனை யாரும் வந்து பார்ப்பதில்லை, யாரும் வாழ்த்து சொல்வதில்லை. மாதா மாதம் சம்பளத்தில் ஒரு பங்கு போகிறது, வீட்டில் புதிதாக ஒரு பொருளும் வருவதில்லை.

இரண்டாவது பக்கம் தவணை அட்டவணை. கடன் தொகை, வட்டி விகிதம், வருடம் மூன்றையும் கொடுத்தால் ஒவ்வொரு தவணையிலும் வட்டிக்கு எவ்வளவு, அசலுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். இதை எனக்காக இல்லாமல் தம்பிக்காகத்தான் முதலில் திறந்தேன். அவன் வீடு வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. நான் யாரைப் பார்த்துப் பின்தங்கிவிட்டேன் என்று வருந்தினேனோ அந்த வரிசையில் அவனும் உண்டு, அவனிடம் இதுவரை சொன்னதில்லை. அன்றைக்கு அவனே சொன்னான், "அஞ்சு வருஷம் கட்டியாச்சுக்கா, கடன் அப்படியே நிக்குது, நான் எங்கயோ ஏமாந்துட்டேன்." 20 வருடக் கடன், 9% வட்டி, விகிதம் மாறவில்லை. போட்டுப் பார்த்தோம். முதல் தவணையில் 100க்கு 83 வட்டி, 17தான் அசல். 60 தவணை முடிந்த பிறகு, அதாவது காலத்தில் கால்வாசி போன பிறகு, அடைந்திருக்கும் அசல் சுமார் 11 சதவீதம். பாதி அசல் அடைய 14 வருடம் ஆகும், மீதிப் பாதி கடைசி 6 வருடத்தில் அடைந்துவிடும். யாரும் ஏமாற்றவில்லை, மீதமிருக்கும் அசலுக்குத்தான் வட்டி என்பதால் எல்லாருக்கும் இப்படித்தான் ஓடும். அவன் பார்த்த எண் கடனின் மொத்தம். அட்டவணை காட்டிய எண் வேறு: முதல் தவணையில் அசலுக்குப் போனது 17, இந்த மாதத் தவணையில் 26. அவன் அந்த இரண்டு எண்களையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பேசாமல் இருந்தான், ஆனால் முகம் இளகியது எனக்குத் தெரிந்தது. ஆரம்ப வருடங்களில் கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் அது முழுக்க அசலில் கழியும் என்பதும் இந்தப் பக்கத்தில் போட்டுப் பார்த்துத்தான் எங்களுக்குப் புரிந்தது, முன்கூட்டிக் கட்ட உங்கள் கடனில் கட்டணம் உண்டா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி இந்த ஷீட்டால் பார்க்க முடியாத ஒன்று. பதினோராம் மாதம் அம்மாவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது. −278ல் இருந்த எண் ஒரே மாதத்தில் −318 ஆனது. கிராஃபில் அதுவரை ஏறி வந்த கோடு மடங்கிக் கீழே விழுந்தது. அதே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட இழப்பின் வலி பெரிது என்று 1979ல் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் எழுதினார்கள், அந்த மாதம் அதை உடம்பால் உணர்ந்தேன். பத்து மாதம் ஏறியது ஒன்றும் நினைவில் இல்லை, விழுந்தது மட்டும்தான் கண்ணில் நின்றது.

சில நாள் கழித்துத்தான் வேறொன்று உறைத்தது. அதற்கு நாலு வருடம் முன்னால் அப்பாவுக்கு இதே மாதிரி ஒரு செலவு வந்தபோது தனிநபர் கடன் வாங்கினேன், என் ஷீட்டில் இருக்கும் தனிநபர் கடன் அதுதான். இந்தமுறை யாரிடமும் கேட்கவில்லை, கார்டைத் தேய்க்கவில்லை, சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினேன். ஆனால் நிகர மதிப்புக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்: 40 கடன் வாங்கிச் செலவழித்தாலும் 40 குறையும், சேமிப்பிலிருந்து எடுத்தாலும் 40 குறையும். கணக்கு சரி. ஆனால் ஒன்றில் நாலு வருடம் வட்டி கட்டுகிறேன், இன்னொன்றில் அந்த மாதத்தோடு முடிந்தது. ஒன்றில் யார் யாருக்கோ போன் செய்தேன், இன்னொன்றில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இந்த முன்னேற்றத்துக்கு ஷீட்டில் செல்லே கிடையாது. நானே கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி சேர்த்து, அந்த மாதத்துக்கு நேராக "கடன் வாங்காமல் தாண்டினேன்" என்று எழுதி வைத்தேன். இப்போது மாதம் பிறந்து ஷீட்டைத் திறந்தால் முதலில் படிப்பது அந்தப் பத்தியைத்தான்.

முதல் பக்கத்தின் கீழ் மூலையில் ஒதுங்கி இருக்கும் ஒரு செல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும், 'எத்தனை மாதம் தாங்கும்' என்று பெயர். உடனே எடுக்கக்கூடிய சேமிப்பை ஒரு மாதச் செலவால் வகுத்தது. என் தொடக்க எண் 0.4, அதாவது 12 நாள். சம்பளம் நின்றால் பதிமூன்றாம் நாள் என்ன செய்வேன் என்று தெரியாத நிலை. அம்மாவின் சிகிச்சைக்கு முன் 2.1 வரை வந்தது, பிறகு 0.6க்கு விழுந்தது, இப்போது 2.8. இந்த எண்ணில் இன்னொரு நன்மை உண்டு, விலைவாசி உயர்வு தானாகவே இதற்குள் வந்துவிடும். நிகர மதிப்பு வருடத்துக்கு 5% கூடி, விலைவாசி 6% ஏறினால் நீங்கள் முன்னேறியதாக ஷீட் காட்டும், உண்மையில் பின்னால் போயிருப்பீர்கள். 'எத்தனை மாதம்' என்ற இந்த எண்ணில் அது நடக்காது, செலவு ஏறினால் வகுக்கும் எண் ஏறும், விடை குறையும். இவ்வளவு நல்ல செல்லை ஏன் மூலையில் வைத்தார்கள் என்று தெரியவில்லை. நான் மேலே கொண்டுவந்து பெரிய எழுத்தில் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது பக்கத்தை அழித்துவிட்டேன். 'உங்கள் வயதில் எவ்வளவு இருக்க வேண்டும்' என்று ஒரு அட்டவணை அது. 30 வயதில் ஒரு வருடச் சம்பளம், 40ல் மூன்று மடங்கு, 50ல் ஆறு, 60ல் எட்டு, 67ல் பத்து. அமெரிக்காவில் ஓய்வுக்காலத் திட்டமிடலுக்குப் பரவலாகச் சொல்லும் கணக்கு இது, தப்பான கணக்கு இல்லை, ஆனால் 25 வயதிலிருந்தே வருடம் 15% சேமித்து 67ல் ஓய்வு பெறுபவரை வைத்துப் போட்டது. அந்த நிபந்தனைகளை எல்லாம் வெட்டிவிட்டு எண்களை மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். 25 வயதில் கல்விக் கடன் கட்டிக்கொண்டிருந்தவருக்கு, வீட்டில் மூன்று பேரின் செலவைச் சுமந்தவருக்கு அது எதைச் சொல்லும்? அதற்குப் பக்கத்திலேயே 'சராசரி' என்று இன்னொரு பத்தி வேறு. சராசரியை நம்பி யாரும் மனசு உடைய வேண்டாம். பத்து பேரில் ஒன்பது பேரிடம் 10, ஒருவரிடம் 1000 இருந்தால் சராசரி 109, அந்த ஒன்பது பேரும் சராசரிக்கு எங்கோ கீழே. அமெரிக்க மத்திய வங்கியின் 2022 குடும்ப நிதிக் கணக்கெடுப்பில் சராசரி நிகர மதிப்பு சுமார் 10.6 லட்சம் டாலர், ஆனால் எல்லாக் குடும்பங்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்திடம் இருந்தது சுமார் 1.93 லட்சம்தான். ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். நடுவில் நிற்கும் குடும்பமே சராசரியைப் பார்த்தால் ரொம்பப் பின்தங்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

வேறு சின்னக் குறைகள்: வண்டியின் மதிப்பு வருடா வருடம் குறைவதை ஷீட் கணக்கில் எடுப்பதில்லை, நீங்கள்தான் மாற்ற வேண்டும். வீட்டுக்குச் சந்தை விலையைப் போடச் சொல்கிறது, தம்பி வாங்கிய விலையை மட்டுமே போட்டிருக்கிறான், அதுதான் சரி என்று எனக்கும் படுகிறது, விற்காத வீட்டின் விலை வெறும் மதிப்பீடுதான். சந்தை முதலீடு அதிகம் இருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிரப்பினால் போதும், இல்லாவிட்டால் சந்தை இறங்கியதைத் தங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. அடிப்படைச் செலவுக்கே வருமானம் போதாதவருக்கு இந்த ஷீட்டைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு மாதமும் கீழே போகும் எண்ணைப் பார்த்து அவர் என்ன செய்வார்? அவருக்குத் தேவை கூடுதல் வருமானம், வட்டியைக் குறைக்க வழி, கடன் கொடுத்தவரிடம் கூட வந்து பேச ஒரு ஆள்.

என் எண் இன்னும் மைனஸில்தான் இருக்கிறது, −104. டவுன்லோட் செய்பவர்கள் முதலில் அந்த மாற்றம் செல்லின் ஃபார்முலாவைத் திருத்திவிட்டு ஆரம்பியுங்கள். இந்த மாதம் அப்பாவுக்காக வாங்கிய கடனின் கடைசித் தவணை போனது. குறிப்புப் பத்தியில் அதை எழுதிவிட்டுத் தம்பிக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன், அவன் பதிலுக்கு அவனுடைய அட்டவணையை அனுப்பியிருக்கிறான், அசல் 27 ஆகிவிட்டதாம்.