கொடைக்கானல் ஏரியைச் சுற்ற எந்த லாங்போர்ட் பலகை?

நீளமான ஸ்கேட்போர்டுதான் லாங்போர்ட். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிவரும் சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். மலை ஊரில் இவ்வளவு நீளத்துக்கு ஏற்ற இறக்கம் அதிகம் இல்லாத தார்ச்சாலை கிடைப்பது அரிது. காலைத் தரையில் வைத்து உந்தாமல், இடுப்பையும் தோளையும் மாற்றி மாற்றித் திருப்பி, பலகையை இடமும் வலமுமாக வளைத்தே வேகம் எடுப்பது பம்பிங். வாடகைச் சைக்கிள்களும் குதிரைகளும் வருமுன் விடியற்காலையில் இறங்கினால், அதற்கு இதைவிட நல்ல இடம் பழனி மலையில் எனக்குத் தெரிந்து இல்லை.

பலகை வாங்கப் போகிறவர்களிடம் பலரும் சொல்வது ஒன்றுதான்: “நெடுந்தூரமா? அப்படியானால் டிராப் த்ரூ வாங்குங்கள்.” இதை நான் ஏற்கவில்லை. காலால் உந்திப் போகிறவருக்கு அது சரியான யோசனை. பம்பிங் செய்பவருக்குத் தேவையான பலகை வேறு.

சக்கரங்களின் அச்சைத் தாங்கித் திருப்பும் உலோகப் பகுதிதான் டிரக். டிராப் த்ரூவில் டிரக்கின் அடித்தட்டு பலகையில் வெட்டிய துளை வழியாக மேலே வந்து உட்காரும். பலகை தாழ்ந்துவிடுவதால் உந்தும்போது முழங்கால் அதிகம் மடங்காது, களைப்பும் குறைவு. ஆனால் நிற்கும் உயரம் குறையும்போது பலகையைச் சாய்க்கும் நெம்புபலமும் குறைகிறது. பம்பிங்கின் உயிரே அந்தச் சாய்வுதான். டிரக்கின் கோணத்தை ஆப்பு வைத்து மாற்றுவதும் இதில் சிரமம்.

டாப் மவுண்டில் டிரக் பலகைக்கு அடியிலேயே இருக்கும். சாய்ப்பது எளிது. முன் டிரக்குக்கும் பலகைக்கும் நடுவே ஓர் ஆப்பு வைத்துக் கோணத்தைக் கூட்டி, பின் டிரக்குக்குத் திருப்பி வைத்துக் குறைத்தால், முன்பக்கம் நன்றாகத் திரும்பும். பின்பக்கம் அதிகம் திரும்பாமல், இடுப்பு கொடுக்கும் அழுத்தத்தை வேகமாக மாற்றும். குறைந்த செலவில் தொடங்க இதுதான் வழி. குறை உயரம். குதிரையோ வேகத்தடையோ குறுக்கிட்டு நின்றுவிட்டால், மறுபடி காலால் உந்தித் தொடங்குவதற்குள் முழங்கால் கடுக்கும். சக்கரத்துக்கு இடம்விட்டு விளிம்பு வெட்டப்படாத பலகையில் பெரிய சக்கரம் பூட்டவும் கூடாது. ஆழமாகச் சாயும்போது சக்கரம் பலகையில் உரசிச் சட்டென்று நின்று, ஆளைத் தூக்கி எறிந்துவிடும்.

மூன்றாவது, முன் டிரக்கைப் பலகையின் மூக்கிலிருந்து நீளும் உலோகத் தாங்கியில் பூட்டும் வகை. பிராக்கெட் பலகை என்பார்கள். பலகை தாழ்வாகவே இருக்கும். முன் டிரக்கின் கோணம் கூடுதலாக இருப்பதால் அது கூர்மையாகத் திரும்பும். முன்சக்கரம் பலகையில் உரச வழியே இல்லை. நின்றால் உந்துவதும் எளிது, கிளம்பியபின் வளைப்பதும் எளிது. அடிக்கடி நின்று கிளம்ப வேண்டிய நம் ஏரிச்சாலைக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருப்பதால் சுங்கவரியோடு சேர்ந்து விலை கடுமையாகும். அந்தப் பணம் இல்லாதவர்கள் டாப் மவுண்டில் ஆப்பு வைத்துத் தொடங்கலாம். டிராப் த்ரூ எனக்கு மூன்றாம் இடத்தில்தான் வருகிறது.

எந்த வகை எடுத்தாலும் வளைவைச் சோதிக்காமல் வாங்காதீர்கள். டிரக் பூட்டும் இடங்களில் இரண்டு செங்கற்களை வைத்து, பலகையை அவற்றின்மேல் கிடத்தி நடுவில் ஏறி நில்லுங்கள். நடுப்பகுதி மேல்நோக்கி வளைந்த பலகை உங்கள் எடையில் ஏறக்குறைய நேராக வேண்டும். தொட்டிலாகத் தொங்கினால் நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தைப் பலகையே விழுங்கிவிடும். சற்றும் அசையாவிட்டால் ஒட்டுப்போட்ட தாரின் அதிர்வு முழுவதும் பாதத்துக்கு வரும். மூங்கிலும் ஃபைபர் கிளாஸும் சேர்ந்த பலகை அமுங்கி மீண்டு எழும் விதம் எனக்குப் பிடித்தது. மேப்பிள் அடுக்குப் பலகை பொதுவாக இன்னும் விறைப்பு. அமெரிக்காவில் மயாமிக்கு அருகே கார்ப்பந்தயத் தடத்தில் 24 மணி நேர லாங்போர்ட் போட்டியில் ஓட்டுகிறவர்களுக்கு விறைப்பான பலகை பொருந்தலாம். அந்த வழவழப்பு இங்கே இல்லை.

முன், பின் டிரக்குகளுக்கு இடையிலான தூரமும் முக்கியம். அது நீண்டால் வளைவு அகலமாகும். அதற்குப் பாதிச் சாலை வேண்டும். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் நிறைந்த இடத்தில் குட்டையானதே நல்லது.

இந்த ஊரின் ஈரத்தைப் பலகைக் கடைக்காரர்கள் கணக்கில் எடுப்பதில்லை. மூடுபனியும் அக்டோபர், நவம்பர் மழையும் போல்ட் துளைகள், விளிம்புகள் வழியாகத்தான் மரத்துக்குள் இறங்கும். டிரக்கைக் கழற்றி, துளைகளின் உட்சுவரிலும் பலகையின் விளிம்பிலும் மெல்லிய தூரிகையால் வார்னிஷ் பூசி, நன்றாகக் காய்ந்தபின் பூட்டுங்கள். பூசாவிட்டால் முதலில் அடுக்குகள் பிரிவது அந்த இடங்களில்தான்.

பம்பிங்குக்காக இப்படிப் பூட்டிய பலகையோடு பெருமாள்மலைப் பக்கம் மலைச்சாலையில் இறங்காதீர்கள். கோணம் கூட்டிய முன் டிரக் இறக்கத்து வேகத்தில் உதறத் தொடங்கும், உதறினால் அடக்க முடியாது, கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வரும்.