டைரில என்னதான் எழுதறது? கொட்டறதா, நன்றி லிஸ்ட்டா, நாளைக்கு லிஸ்ட்டா?

டைரி எழுதுனா மனசுக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்லிடறாங்க, ஆனா உக்காந்து என்ன எழுதணும்னு கேட்டா ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நான் மூணு விதமாவும் மாத்தி மாத்தி எழுதிப் பார்த்துட்டேன், மூணும் ஒரே வியாதிக்கான மருந்து இல்ல.

முதல்ல மனசுல இருக்கறத அப்படியே கொட்டறது. இதுக்குதான் பேர் அதிகம். ஜேம்ஸ் பென்னிபேக்கர்ங்கற அமெரிக்க மனோதத்துவ ஆராய்ச்சியாளர் 1986ல சாண்ட்ரா பீல்கூட சேர்ந்து வெளியிட்ட ஆய்வுல, காலேஜ் பசங்கள 4 நாள் தொடர்ந்து, தினம் 15 நிமிஷம், வாழ்க்கையில பட்ட பெரிய அடியப் பத்தி எழுத வெச்சாங்க. எழுதின கையோட மனசு இன்னும் கனத்துதான் போச்சு, ஆனா அடுத்து வந்த மாசங்கள்ல, நடந்ததையும் அப்ப மனசு பட்ட பாட்டையும் சேத்து எழுதினவங்க டாக்டர்கிட்ட போனது மத்தவங்கள விட குறைச்சலா இருந்துச்சு.

இதப் படிச்சுட்டு நம்மாளுங்க தினமும் கொட்ட ஆரம்பிச்சுடறோம், அந்த 4 நாள்ங்கற விஷயத்த வசதியா மறந்துட்டு. நானும் அப்படித்தான். போன வருஷ நோட்டப் பொரட்டினா மார்ச்சுல "இன்னிக்கும் என்னை ஒரு வார்த்தை கேக்கல"ன்னு இருக்கு, ஆகஸ்ட்லயும் அதே வரி, இங்க் கலர் மட்டும் வேற! அஞ்சு மாசமா அசை போட்டிருக்கேன், அவ்ளோதான். பின்னாடி வந்த ஆய்வுகள்ல பென்னிபேக்கர் குழு இன்னொண்ணும் கவனிச்சாங்க, நாள் போகப் போக "ஏன்னா", "இப்பதான் புரியுது" மாதிரி வார்த்தைகள் யார் எழுத்துல கூடிட்டே போச்சோ அவங்களுக்குதான் பலன் அதிகம். என் நோட்டுல "ஏன்னா"வத் தேடிப் பார்த்தேன், ஒண்ணு கூட சிக்கல.

அதனால என் கணக்கு, பெருசா ஏதாவது மனச அழுத்தும்போது நாலு நாள் கொட்டு, அப்புறம் நோட்ட மூடிடு. எழுத எழுத இன்னும் மோசமாகுதுன்னா உடனே நிறுத்திட்டு ஒரு கவுன்சிலர்கிட்ட பேசறதுதான் சரி, அதுல பிடிவாதம் வேணாம்.

நன்றி லிஸ்ட் எனக்கு ஒட்டல, உள்ளதச் சொல்லிடறேன். எம்மன்ஸ், மெக்கல்லோங்கற ரெண்டு அமெரிக்க மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் 2003ல வெளியிட்ட ஆய்வுல, வாரத்துக்கு ஒரு தடவை, நன்றி சொல்லத் தோணற விஷயம் அதிகபட்சம் 5, இப்படி 10 வாரம் எழுதினவங்க, எரிச்சல் பட்டதையே எழுதினவங்கள விட வாழ்க்கையப் பத்தி திருப்தியா இருந்தாங்க. வாரத்துக்கு ஒரு தடவைதான், அதக் கவனிங்க. தினமும் எழுதினா பத்தாம் நாள்ல "குடும்பம், ஆரோக்கியம், வேலை"ன்னு அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி ஆயிடுது. "மழைல நனைஞ்சு நின்னப்ப முன்பின் தெரியாத ஒருத்தர் குடைய சாய்ச்சுப் பிடிச்சார்"னு குறிப்பா எழுதினா மட்டும் கொஞ்சம் உயிர் இருக்கு.

மூணாவது, யாரும் டைரின்னே மதிக்காத நாளைக்கு லிஸ்ட். 2018ல வெளியான ஆய்வு ஒண்ணுல, அமெரிக்காவோட பேலர் யுனிவர்சிட்டில 57 பேர தூக்க லேப்ல படுக்க வெச்சுப் பார்த்தாங்க, படுக்கறதுக்கு முன்னாடி 5 நிமிஷம் இனிமே செய்ய வேண்டியத எழுதினவங்க, முடிச்ச வேலைய எழுதினவங்கள விட சராசரியா 9 நிமிஷம் சீக்கிரமா தூங்கிட்டாங்க. விவரமா எழுத எழுத தூக்கமும் சீக்கிரம் வந்துச்சாம். தினசரிக்கு என் ஓட்டு இதுக்குதான், ராத்திரி தலைக்குள்ள சுத்தறதுல பாதி சோகமே இல்ல, முடிக்காத வேலை.

நோட்டுல எழுதறதா, ஃபோன்லயாங்கறதுல பெரிய சண்டை வேணாம், பகல்ல எது கைல இருக்கோ அது. படுக்கைல மட்டும் நோட்டு, ஃபோன எடுத்தா லிஸ்ட் எழுதறதுக்குள்ள நாலு மெசேஜ் பார்த்துடுவோம்.

நேத்து ராத்திரி என் லிஸ்ட்ல மொத வரி, பல் டாக்டருக்கு போன் பண்ணணும். மூணு நாளா அதே வரிதான் மேல இருக்கு, ஆனா தூக்கம் வந்துடுது.